முந்நூறு நாள் வெயில்

இருங்க சார், வரிசையா சொல்லிடறேன், நடுவுல புகுந்தா குழம்பிடும். ஒண்ணு, உப்பளத்துல ஒதுங்க நிழல் கேட்டோம், இருந்த ஒரே கொட்டகையையும் கம்பெனிக்காரன் பிரிச்சான். ரெண்டு, ஏன் பிரிச்சேன்னு கேட்ட பதினோரு பேரை வெளிய தள்ளினான். மூணு, அதுக்காக எல்லாரும் வேலைய நிறுத்தினதும் எங்க குடியிருப்புக்கு வர்ற தண்ணிய அடைச்சான். நாலாவது அநியாயம் கம்பெனிக்காரன் பண்ணினது இல்ல. அதுக்குத்தான் வேனை இங்க நிறுத்தச் சொன்னேன்.

வீடு பாக்கறது எங்க போயிடப் போகுது, கடல் பார்த்த வீடு, கடலா நகரும்? பத்தே நிமிஷம். இந்தத் தாள்ல இருக்கறது அரைப்பக்கம்தான். வாசிக்கறப்ப ரெண்டு பேராவது கேக்கணும். நீங்களும் அம்மாவும் ஆச்சு, டிரைவர் மூணாவது. கையெழுத்தெல்லாம் வேணாம், சாட்சியா நின்னா போதும்.

அட, சிரிக்காதீங்கம்மா. வருஷத்துல முந்நூறு நாள் வெயில்னு விளம்பரத்துல பார்த்துட்டுதானே வந்தீங்க? அந்த வரி என்னுது. எங்க கோரிக்கை மனுவுல முதல் வரி. முந்நூறு நாள் வெயில், தலைக்கு மேல ஒரு ஓலை கிடையாதுன்னு எழுதினேன். பாதிய வெட்டிட்டு மீதிய இந்த அடுக்குமாடிக்காரங்க உங்களுக்கு விக்கறாங்க. நானும் அவங்க கிட்டயே வேலைக்குச் சேர்ந்து ஊர் சுத்திக் காட்டறேன். எனக்கு வெக்கம் அதுல இல்ல. அது பழகிடுச்சு.

அதோ, பெரியவங்க காலாற நடக்கறாங்களே, அதான் பழைய உப்பளத்து கேட்டு. நீச்சல் குளம் இருக்கற இடத்துல எடை மேடை. உப்பு நிறுக்கறவ ஒருத்தி, தராசுக்காரின்னுதான் பேரு. முள்ளு நடுவுல நிக்காம வாய் திறக்க மாட்டா, கம்பெனிக்கும் சரி, எங்களுக்கும் சரி. கேட்டுச் சாவி ஒண்ணு அவகிட்ட இருந்துச்சு.

வேலைநிறுத்தம் ஆறாம் நாள். குழந்தைங்க தண்ணிக்கு அழுவுது. காலையில அவ கேட்டைத் திறந்து உள்ள போறா. நான் எதிர்லயே நிக்கறேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா தலைவன் பந்தா என்னாகறது? நேரா அச்சாபீஸ். கருங்காலிப் பட்டியல்ல ஏழாவதா அவ பேரு. மத்தியானத்துக்குள்ள ஊர் பூரா நோட்டீஸ்.

சாயங்காலம் எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வந்துச்சு சார்.

ஆமா. உள்ள போய் வால்வைத் திருப்பி விட்டுட்டு வந்திருக்கா. அவ்வளவுதான் அவ பார்த்த வேலை. ரெண்டு சொம்பு குடிச்சேன். குடிக்கும்போதே புரிஞ்சுபோச்சு.

சொல்லியிருக்கலாம்தான். ஆனா வெளிய கூட்டம் என்னைத் தோள்ல தூக்க நிக்குது. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சதே நோட்டீஸ்லதான், பள்ளிக்கூடத்துல இல்ல. அச்சுல ஏறினது எனக்கு வேதவாக்கு. போட்ட நோட்டீசுக்கு மறுப்பு நோட்டீஸ் போட்டவன் தலைவனா இருக்க முடியுமா? அவளும் வந்து ஏன்னு கேக்கல.

முப்பத்தெட்டு வருஷம். அவ கடைக்கு வந்தா பேச்சு நின்னுபோகும். நாங்க ஜெயிச்சோம், கொட்டகை வந்துச்சு. அதுக்குக் கீழ ஒதுங்க அவளுக்கு மட்டும் இடமில்ல. போன மாசம் போயிட்டா. தூக்க நாலு தோள் தேறல சார். இந்த அடுக்குமாடிக் காவல்காரங்கதான் வந்து கை குடுத்தாங்க.

பழைய ஆளுங்ககிட்டதான் முதல்ல போனேன். மூணு பேர் மிச்சம். ஒருத்தன் காது கேக்கலங்கறான். இன்னொருத்தன், செத்தவளுக்கு எதுக்குய்யா திருத்தம்ங்கறான். மூணாமவன் கதவைச் சாத்திட்டான். சாத்தக் கத்துக் குடுத்தவனே நான்தான், யாரை நோகறது? நீங்க வெளியூர். யார் பக்கமும் சாயாதவங்க.

வாசிக்கறேன். பட்டியலில் ஏழாவதாக வந்த தராசுக்காரி என்ற பெயர் தவறு. அவர் கருங்காலி அல்ல. அடைத்த தண்ணீரைத் திறந்துவிட்டவர். தெரிந்தே மறைத்தவன் நான்.

பேரா? தராசுக்காரின்னுதான் இதுலயும் எழுதியிருக்கேன். நோட்டீஸ் வந்த நாள்லேர்ந்து நானும் அவளை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. என்னைத் தோள்ல தூக்கினது எதுக்குன்னு நினைச்சீங்க? கூடப் பிறந்தவளையே விடலையே, அதுக்குத்தான்.

பேனா இருக்கா சார்? ஒரு வார்த்தை அடிச்சு மாத்தணும்.

ஆச்சு. கேளுங்க. ஏழாவது பேரு, அக்கா.