ஓவர்லாக் மெஷினை வித்தவரு

பல்லடத்துல இருந்து திருப்பூர் வர்ற பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி. எங்கண்ணன் செத்ததுக்கப்பறம் அன்னிக்குத்தான் நான் பனியன் கம்பெனிக்குத் திரும்ப வேலைக்குப் போறேன். யாரு பேசறதும் காதுல ஏறல. அந்தக்கா கேட்டது மட்டும் ஏறுச்சு.

"கொழந்தைங்க குதிக்கறதுக்குப் பத்து லட்சமாங்க?"

"குதிக்கறதில்ல புள்ள, நாம நடத்தப் போறது கொழந்தைங்க உடற்பயிற்சிக் கூடம். பெரிய கம்பெனி. அவங்க பேரை நாம போட்டுக்கறதுக்கே பாதி போயிரும். மீதி மெத்தை, கண்ணாடி, ஏசிக்கு."

"கொழந்தைங்க பனியனாச்சும் நாம தைச்சுக்கலாமுங்களா?"

"அவங்ககிட்டத்தான் வாங்கோணுமாம். மும்பைல இருந்து வரும்."

பையில இருந்து அந்தக் கம்பெனி பேரு போட்ட பனியன் ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. அக்கா அதை உள்பக்கம் திருப்பி, தோள் தையலை நகத்தால கீறிப் பாத்தாங்க.

"இது நம்மூருத் தையலுங்க. இங்கிருந்து போயித் திரும்பி வருது."

"தெரியும் புள்ள."

"அட்வான்ஸ் கட்டீட்டீங்களா?"

"நேத்து. உன்ற ஓவர்லாக் தையல் மெஷினை வித்துட்டேன்."

அக்கா பனியனை மடிச்சு மடியில வெச்சுக்கிட்டாங்க.

"நான் தைச்சு வாங்குன மெஷினுங்க அது."

"எனக்கும் தெரியுது. ஆர்டரே இல்லாம எத்தன நாளைக்குப் புள்ள?"

"அங்க எனக்கு என்ன வேலைங்க?"

"வாசல்ல கொழந்தைங்க செருப்ப வாங்கி அடுக்கி வெக்கோணும்."

"அதுக்கும் இதே மாதிரி பனியனைத்தான் நான் போடோணுமுங்களா?"

"ஆமா. சேலைக்கு மேலயே போட்டுக்கலாமான்னு கேட்டேன். சரின்னுட்டாங்க."