கட்டி மட்டுமா, முழுசுமா

மேனகா: அப்ப ரெண்டுக்கும் ஆயுசு ஒண்ணுதான்னு அந்த டாக்டரம்மா வாயாலயே சொன்னாங்களாக்கா?

தேவகுமாரி: ரெண்டு தடவ சொன்னாங்க. கட்டிய மட்டும் எடுத்துட்டுக் கதிருக் கரண்டு வெச்சாலும் சரி, மார முழுசா எடுத்தாலும் சரி, பொழைக்கறது ஒண்ணுதானாம். எதுன்னு நீயே சொல்லும்மான்னு பேனாவக் கையில எடுத்துக்கிட்டாங்க. நான் என்னத்தக் கண்டேன்... அந்தக் கொப்ப வளைச்சுப் புடி, மேல நொம்பக் காப்பிப் பழம் கெடக்குது.

மேனகா: புடிச்சுட்டேனுங்க. முழுசா எடுத்தாக் கரண்டு வேண்டாங்களா?

தேவகுமாரி: அக்குள்ள இருக்கற நெறியையும் எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம். வேண்டாமலும் போவலாம். கட்டிய மட்டும் எடுத்தாத்தான் கட்டாயம் வெக்கணும். சனி, ஞாயிறு தவுத்து தெனமும். அஞ்சு வாரம்.

மேனகா: தெனமும் சேலமா... இங்கிருந்து ஏற்காடு, அப்பறம் அந்த இருபது வளைவு...

தேவகுமாரி: கரண்டு என்னை என்ன பண்ணுமோ, அதுக்கு முன்னால பஸ்ஸு கொன்னுரும்.

மேனகா: சிரிக்காதீங்க்கா.

தேவகுமாரி: அழுதாப் பச்சக்காயெல்லாம் பைக்குள்ள போயிருமே. அப்பறம் எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டர் கத்துவாரு.

மேனகா: என்னைக்குச் சொல்லணும்னாங்க?

தேவகுமாரி: வெசாழக்கெழம. நாளான்னிக்கு.

மேனகா: முழுசா எடுத்துட்டா அந்த எடம் எப்படி இருக்குமாம்?

தேவகுமாரி: தட்டையா, குறுக்க ஒரு தழும்பு. போட்டோ காட்டுனாங்க. நான் பாதி பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கறதுக்குத் துணியில ஒண்ணு தெச்சுக் குடுப்பாங்களாம்.

மேனகா: கை?

தேவகுமாரி: கை என்ன?

மேனகா: கைய மேல தூக்க முடியுங்களா... இப்ப இந்தக் கொப்ப எட்டறாப்புல?

தேவகுமாரி: நாளாகுமாம். நெறிய எடுத்தா கை வீங்கும், கவனமா இருக்கணும், முள்ளுக் கிள்ளு கீறக்கூடாதுன்னாங்க. காப்பிக் காட்டுல நிக்கறவகிட்டச் சொல்றாங்க பாரு.

மேனகா: அது ரெண்டுக்கும் பொதுவுங்களா, முழுசா எடுத்தா மட்டுங்களா?

தேவகுமாரி: ஏன் மேனகா, உங்கூட்டுக்காரன் கூட இத்தன கேக்கல, எங்கூட்டுக்காரரும் கேக்கல. நீ என்ன டாக்டராட்டக் கேக்கற?

மேனகா: சும்மாதானுங்க... மாமா என்ன சொன்னாரு?

தேவகுமாரி: உங்க மாமாவா? எல்லாத்தையும் கேட்டுட்டு, "எப்ப வேலைக்குப் போவலாங்க"ன்னாரு. டாக்டரம்மா அவரைப் பாத்த பார்வையில நான்தான் கூசிப் போயிட்டேன். வெளியில வந்து டீ வாங்கிக் குடுத்தாரு. எனக்குச் சக்கர போடாம. சக்கர ஆகாதுன்னு யாரோ சொன்னாங்களாம்.

மேனகா: பயந்துட்டாருங்க்கா அவரு.

தேவகுமாரி: அவரு பயந்தா ஜீப்ப எடுத்துக்கிட்டுக் கரடியூருப் பக்கம் போயிருவாரு. நான் எங்க போறது? எனக்குக் கட்டிய மட்டும் எடுத்தாப் போதும்னு இருக்குது மேனகா. பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. நாப்பத்தி மூணு வயசுல இது எதுக்கு, யாரு பாக்கப் போறா... ஆனா கொழாயடியில எல்லாரும் சேர்ந்துதான குளிக்கறோம். பழனியம்மா கண்ணு மொதல்ல எங்க போவும்னு எனக்குத் தெரியும்.

மேனகா: வயசு கொறஞ்சவங்களுக்கும் இதே ரெண்டு வழிதானுங்களா?

தேவகுமாரி: எனக்கென்ன தெரியும். எனக்கு முன்னால ஒரு பொண்ணு உக்காந்திருந்தா, ஆத்தூருக்காரி. உன் வயசுதான் இருக்கும், முப்பத்தஞ்சுக்குள்ள. அவளுக்கு ரெண்டுல எதுன்னு கேக்கவே இல்ல.

மேனகா: ஏனுங்?

தேவகுமாரி: முத்திருச்சாம். தோலெல்லாம் இழுத்துக்கிட்டு...

மேனகா: கமலாப்பழத் தோலாட்ட. குழிகுழியா.

தேவகுமாரி: ஆமா, அப்படித்தான் சொன்னா. உனக்கெப்படித் தெரியும்?

மேனகா: போன்ல பாத்தேனுங்க. உங்களுக்காகத்தான்.

தேவகுமாரி: எனக்கு அப்படியெல்லாம் இல்ல சாமி. நல்லவேளைன்னாங்க.

மேனகா: அந்தப் பொண்ணுக்கு என்ன பண்ணுவாங்களாம்?

தேவகுமாரி: மொதல்ல மருந்து ஏத்திப் பாக்கணுமாம். அது கேட்டாத்தான் கத்தி வெக்கறதப் பத்திப் பேச்சாம். எனக்காச்சும் இதா அதான்னு கேட்டாங்க, அவளுக்கு அதுகூட இல்ல. வெளியில வந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தா. கூடப் பொறந்தவன் ஒருத்தன் வந்திருந்தான். என்னன்னே தெரியாம பன்னு தின்னுக்கிட்டிருந்தான். என்ன, பறிக்காம நிக்கற?

மேனகா: ஒண்ணுமில்லீங்க. அட்டை... கால்ல அட்டை ஏறிருச்சோன்னு பாத்தேன்.

தேவகுமாரி: தை மாசத்துல ஏது அட்டை. கேளு மேனகா. காலைல இருந்து இதைக் கேக்கத்தான் உங்கூடவே வரிசை புடிச்சு நிக்கறேன். கட்டிய மட்டும் எடுத்துக்கிட்டா அந்த அஞ்சு வாரமும் நான் மலையேறி எறங்க முடியாது. சேலத்துல எங்க சித்தி மக ஊட்டுலதான் தங்கணும். எம்பொண்ணு கீர்த்திகாவுக்கு அப்பத்தான் பத்தாவதுப் பரீட்சை. காலைல எழுப்பி, சோறு கட்டிக் குடுத்து, பஸ் ஏத்தி விடணும். நீ பாத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் டாக்டரம்மாகிட்ட கட்டி மட்டும்னு சொல்லிப்போடறேன்.

மேனகா: முழுசா எடுத்துருங்க்கா.

தேவகுமாரி: என்ன?

மேனகா: முழுசா எடுத்துட்டீங்கன்னா கரண்டு வேண்டாமலும் போவலாம்னாங்கல்ல. சீக்கிரம் ஊட்டுக்கு வந்துரலாம். நீங்களே கீர்த்திகாவைப் பாத்துக்கலாம்.

தேவகுமாரி: அஞ்சு வாரம் எம்புள்ளைக்குச் சோறு பொங்க ஒடம்பு வணங்காம, என்னை அறுத்துக்கிட்டு வான்னு சொல்ற.

மேனகா: அப்படி இல்லீங்க்கா.

தேவகுமாரி: வேற எப்படி? எம்புருசனும் உம்புருசனும் அண்ணந்தம்பி. ஒரு செவுரு தள்ளித்தான் ஊடு. அவ பாதி நாளு உங்க ஊட்டுலதான கெடக்கறா. உனக்கு ஒரு தட்டுச் சேத்து வெக்கறது பாரமா?

மேனகா: பாரம் இல்லீங்க. என்னால... சொல்ல முடியாதுங்க்கா.

தேவகுமாரி: சரி, அஞ்சு வாரத்த விடு. நாளைக்கு நான் செத்துப் போறேன்னு வெச்சுக்க...

மேனகா: அக்கா.

தேவகுமாரி: பேச உடு. அப்ப அவளுக்கு யாரு? சித்தின்னு உன்னைத்தான நம்பிக்கிட்டிருக்கேன். அப்பவும் முடியாதும்பியா?

மேனகா: என்னை நம்பாதீங்க்கா. வேற யாரையாச்சும் பாத்து வெய்யுங்க.

தேவகுமாரி: உனக்குன்னு ஒண்ணு வயித்துல வந்திருந்தாத் தெரியும்... மேனகா. வாய் தவறி வந்துருச்சு கண்ணு. இந்த நோவு வந்ததுல இருந்து என் நாக்கு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

மேனகா: பரவால்லீங்க. நெசந்தானுங்க.

தேவகுமாரி: நெசம் இல்ல. இந்தா, அழாத. இப்படி உக்காரு, பைய எறக்கி வெய்யி. போன மாசி கேம்ப்ப நெனச்சுக்கிட்டு இருக்கறியா? எஸ்டேட்டுக்கு வண்டி வந்து மார சோதிச்சாங்களே, எனக்குப் பதுலா நீ போயி நின்னியே... அன்னிக்கு நானே போயிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், அந்தப் பாவம் உன்னுதுன்னு நெனைக்கறியா? அது உம்பாவம் இல்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. ஆடில கையில தட்டுப்பட்டுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல. பொய்யி. கேம்ப் வந்தப்பவே எனக்குத் தெரியும்.

மேனகா: தெரியுங்களா?

தேவகுமாரி: சுண்டக்காயாட்ட இருந்துச்சு. கூச்சமா இருக்குது, நீ போயி நில்லு, யாரு கண்டாங்கன்னு உன்னை அனுப்புனேன்ல. கூச்சம் இல்ல, பயம். சீட்டுக் குடுக்கலீன்னா அன்னிக்கு ஆஜர் போட மாட்டேன்னு ரைட்டர் சொல்லிட்டாரு. நல்ல ஒடம்பா ஒண்ணு போயி எம்பேரைச் சொல்லி நல்ல சீட்டா வாங்கிட்டு வரட்டும்னு நெனச்சேன். நீயும் வரிசைல ரெண்டு தடவ நின்னு, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாங்க்கான்னு வந்து சொன்ன. எனக்கே ஒண்ணுமில்லாத மாதிரி அன்னிக்கு நல்லாத் தூங்குனேன்.

மேனகா: ரெண்டு தடவ நிக்கலீங்க்கா.

தேவகுமாரி: என்ன?

மேனகா: உங்க பேருக்கு மட்டுந்தான் உள்ள போனேன். எம்பேருக்குப் போகல. சீட்டத் தொலைச்சுட்டேன்னு ரைட்டர்கிட்டச் சொல்லிட்டேன்.

தேவகுமாரி: ஏன்?

மேனகா: உங்க பேருக்குக் குடுத்த சீட்டுல முத்திரை வெச்ச பாதியக் கிழிச்சுத்தான் ரைட்டர்கிட்டக் குடுத்தேன். மீதிப் பாதில, எடது மாருல கட்டி, ஒடனே சேலம் போவணும்னு எழுதியிருந்துச்சுங்க.

தேவகுமாரி: எனக்கு வலதுல... இரு. உள்ள போனது நீதான?

மேனகா: பேருதான் உங்களுதுங்க. அந்த நர்ஸம்மா தொட்டுப் பாத்தது என்னைங்க. மூணு தடவ போன் பண்ணாங்க. என் நம்பரைத்தான் குடுத்திருந்தேன். தேவகுமாரி இருக்காங்களான்னு கேட்டாங்க. சேலம் போய்ப் பாத்துக்கிட்டாங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்.

தேவகுமாரி: ஒரு வருசம் மேனகா. ஒரு வருசம் ஒரே கொழாயில குளிச்சோம். நீ எப்பவும் சேலையக் கட்டிக்கிட்டே...

மேனகா: ஆமாங்க.

தேவகுமாரி: உம்புருசன் விசயகுமாருக்கு?

மேனகா: தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது.

தேவகுமாரி: அந்தக் கமலாப்பழத் தோலு... அது போன்ல பாத்தது இல்லியா?

மேனகா: இல்லீங்க.

தேவகுமாரி: பாவி மகளே. எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா? நான் கட்டின்னு சொன்னப்பவாச்சும்?

மேனகா: நீங்க சொன்ன அன்னிக்கு நான் ஊட்டுக்குப் போயி சாமிக்கு வெளக்குப் போட்டேனுங்க்கா. சீட்டு உங்க பேருலதான இருக்குது, அது எனக்கு வந்ததே இல்ல, பேருக்கு உண்டானவங்ககிட்டப் போய்ச் சேந்துருச்சு, இனி எனக்குக் கரஞ்சு போயிரும்னு நெனச்சுத்தான் போட்டேன்... கரையலீங்க்கா.