மாப்பிள்ளையின் இணையதளத்துக்கு மூன்று நிறங்கள்

சுகாதார அதிகாரி ஐயா, நான் சொல்வதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என் பல்செட் மீது சத்தியம்.

மாப்பிள்ளை பழச்சாறு விற்கிறார். பேர்தான் பழச்சாறு, பாதிக்குமேல் எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர். ஆபீஸ் வேண்டுமென்று என் அறையை எடுத்துக்கொண்டார். என் கட்டில் கொல்லைப்புறச் சாக்கடையோரம் போனது.

"காத்தோட்டமா இருக்கும் மாமா" என்றார்.

எனக்கு என் அறை திரும்ப வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

ஆயுள் முழுக்கப் பெயின்ட் கடையில் நிறம் கலந்தவன் நான். அதனால் இணையதளத்துக்கு நிறம் பொறுக்கும் வேலையை என்னிடமே தந்தார்.

"பார்த்ததும் எச்சில் ஊறணும் மாமா."

எதைப் படம் எடுத்துக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் அதன் நிறத்தை உறிஞ்சித் தந்துவிடும். பின்னணிக்கு, என் பல்செட் ஊறும் கிண்ணத்தில் படியும் ஆடை. எழுத்துக்கு, என் கணுக்கால் புண்ணின் பொருக்கு. 'வாங்க' பொத்தானுக்கு, தொட்டி மூடியின் அடியில் கொழகொழவென்று தொங்கிய பாசி. மூடியைக் கழற்றி வெயிலில் வைத்துப் படம் எடுத்தேன்.

தனித்தனியே பார்த்தால் தந்தம், செம்பு, தளிர்ப்பச்சை. "ராயலா இருக்கு மாமா!" என்று தோளைத் தட்டினார். மூன்றும் சேர்ந்ததும் வேலையைக் காட்டின.

திறந்து, பார்த்து, வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் குமட்டல். எதிர்வீட்டு வக்கீல் கீபோர்டு மேலேயே கக்கினார்; இடுக்கெல்லாம் மாதுளை விதை. ஒருவர் பஸ்ஸில் திறந்து தொலைத்தார். அதைக் கழுவத் தீயணைப்பு வண்டி வந்தது. நாள் முழுக்கத் திரை முன்னால் கிடந்த மாப்பிள்ளை பச்சையாகவே வாந்தி எடுத்தார். என் பொத்தானோடு வைத்துப் பார்த்தேன், கச்சிதமான பொருத்தம்.

மகள் அழுதாள். "ஒரு வாய் தண்ணிகூட நிக்க மாட்டேங்குதுப்பா அவருக்கு."

"ஸ்கிரீனைப் பார்க்க வேணாம்னு சொல்லும்மா."

"நீங்க மட்டும் எப்படிப்பா கல்லு மாதிரி இருக்கீங்க?"

எனக்கென்ன, மூன்று வேளையும் முனைக்கடை டீதான். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பொத்தானை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கினேன்.

ஸ்ட்ரெச்சரில் போன மாப்பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை. கட்டிலை என் அறைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நீங்கள் தண்ணீரைப் பற்றியே கேட்கிறீர்கள். நிறமே இல்லாத தண்ணீர் யாரை என்ன செய்துவிடும்? செய்தது நான், செய்தது நிறத்தால். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டி மூடியா? படம் எடுத்த அன்று சாய்த்த சுவரோரமே இருக்கிறது. தொட்டியில் சாக்கடை எலி ஒன்று உப்பி மிதக்கிறது.