கோணல் வீட்டு மீன்தொட்டி

...வீட்டத்தாம்மா சொல்றேன், யோரிண்டா. கீழ உங்க சீலிங் ஒழுகுதுன்னா அதுக்கு இந்த வீடுதான் காரணம். வாளிய வச்சிட்டு உக்காருங்க. அது ஈரமா இருக்கும், இந்த நாற்காலில உக்காருங்க. தொட்டில பாதித் தண்ணிய எறக்கிட்டேன், மிச்சமும் ஜன்னல் வழியா கால்வாய்க்குப் போயிட்டிருக்கு, பாருங்க குழாய. காப்பி குடிங்க.

நீங்க குடிவந்து மூணு வாரம்தான். இந்த வீடு முன்னூறு வருஷமா கால்வாய்ப் பக்கம் சாஞ்சே நிக்குது. கோலிய கீழ போட்டா ஜன்னலுக்குத்தான் ஓடும். எங்க வீட்டுல சூப்பு கூட தட்டுல ஒரு பக்கமாத்தான் நிக்கும். என் பொண்டாட்டி ஆலீடா மேட்டுப் பக்கம் உக்காந்துக்குவா, நான் பள்ளம்.

பிஸ்கட் எடுத்துக்கிட்டீங்கல்ல? ஒண்ணு போதும், டப்பாவ மூடிடறேன்.

என்ன சொன்னேன்... ஆங், தொட்டி. அது படியில ஏறல. படியா அது, ஏணி. சாமான் ஏத்தறதுக்குன்னே வீட்டு முகட்டுல இருக்கற கொக்கில கயிறு கட்டி ஜன்னல் வழியா ஏத்தினோம். தண்ணி, கல்லு எல்லாம் சேத்து முன்னூறு கிலோ. அத எது மேல வைக்கிறதுன்னு நாலு மாசம் யோசிச்சேன். அவங்கம்மாவோட துணி அலமாரி மேல வைங்கன்னா ஆலீடா. சிரிச்சேன். இரும்புத் தாங்கி வாங்கி, நாலு கால்லயும் திருகு வச்சு, கீழ உத்தரம் ஓடற எடமாப் பாத்து நிறுத்தி, ரசமட்டம் வச்சேன். குமிழி நட்ட நடுவுல நின்னுச்சு. பின்ன? மீன் வளக்கறவங்க சங்கத்துல வருஷா வருஷம், 'தாங்கி மட்டமா இருக்கணும்'னு படம் போட்டுப் பேசறவன் நாந்தாம்மா.

போன வருஷம் சங்கத்து நடுவருங்க வந்தாங்க. வீடு வீடாப் போயி தொட்டிக்கு மார்க் போடுவாங்கல்ல, அவங்கதான். அதுல ஹூக்ஸ்ட்ரான்னு ஒருத்தன், தலைய ஒரு பக்கம் சாச்சு, 'கோவர்ட், உங்க தொட்டி கோணலா இருக்கே'ன்னான். தரை கோணல், ஜன்னல் கோணல், அவன் நின்னதே கோணல். நேரா இருந்தது என் தொட்டி ஒண்ணுதான். அதப் போயி... ரெண்டாம் பரிசு.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சிரிக்காதீங்க, எங்க கூடம் நெஜமாவே கோணல். அதனாலதான் இவ்வளவு நேரமா வீட்ட வைய முடியுது.

டிராம் ஓடி அதிர்ந்துதான் தொட்டி ஒழுகுதுன்னு ஆலீடாகிட்ட சொல்லிருக்கேன். உங்களுக்கும் அதையே சொல்லலாம்னுதான் இருந்தேன்... நாந்தாம்மா. மார்ச்சுல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, தொட்டியக் காலி பண்ணி, ரசமட்டத்தத் தூக்கி உள்ள வச்சிட்டு, இந்த வருஷமாவது நடுவருங்க கண்ணுக்கு நேராத் தெரியட்டும்னு ஜன்னல் சட்டத்தப் பாத்து அந்தத் திருகையெல்லாம் திருகினேன். தொட்டி ஜன்னலுக்கு ஜோடியா நின்னுச்சு, அவ்வளவு அழகு. ஆனா திரும்ப ஊத்தின தண்ணி யார் பேச்சக் கேக்கும்? ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கி, என்னக் காட்டிக் குடுத்துச்சு. அந்தத் தண்ணிக் கோட்டு மேல கறுப்புப் பட்டை ஒட்டி மறைச்சேன். பாரமெல்லாம் ஒரே மூலைக்குப் போயி, இன்னிக்குக் காலையில கண்ணாடி ஒட்டு விட்டுருச்சு. உங்க கட்டிலுக்கு நேர் மேல. ஊருக்குத்தான் உபதேசம்.

பரிசு கெடக்கட்டும். உள்ள பதினோரு மீனும்மா. அந்தக் கோடு போட்ட கெழவனுக்குப் பதினெட்டு வயசு, என் கையிலதான் தின்னும். ஒட்டு அடிவரைக்கும் விட்டிருக்கு, சாயங்காலத்துக்கு மேல அதுங்களுக்குத் தண்ணி இல்ல. வாளில அதுங்க தாங்காது. எங்க வீட்டுல குளிக்கற தொட்டி கிடையாது. உங்க வீட்டுல இருக்கு, தெரியும். ஆனா படுக்கைய நனைச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது...

எங்க எந்திரிச்சிட்டீங்கம்மா? வீட்டு ஓனருக்குப் போன் பண்ணவா? பண்ணுங்க, நியாயம்தான். வாளிய விட்டுட்டுப் போறீங்களே... யோரிண்டா?

...

கீழ குழாய் தெறக்கற சத்தமா அது?

வெதுவெதுப்பா இருக்கட்டும்மா! இருபத்தஞ்சு டிகிரி! அப்புறம், தொட்டி மட்டமா இருக்கான்னு... வேணாம், நீங்களே பாத்துக்குங்க. என் பேச்ச மட்டும் கேக்காதீங்க.