கடைசி அடியில் ஒரு பிசிறு

பாட வருகிறவர்களுக்கு நான் முதலில் வெந்நீர் கொடுப்பேன். தொண்டைக்கு இதமாக இருக்கும். கடைசியாக என்னிடம் பாட வந்த அன்று என் தங்கைக்கும் கொடுத்தேன். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். அவள் பாடகி. அவளுடைய முதல் பாட்டைப் பதிவு செய்ததும் நான்தான். அன்றைக்கு அவளுக்குச் சளி. கடைசி அடியில் குரல் பிசிறி உடைந்தது.

"அசிங்கமா இருக்கு அண்ணா, வெட்டிடு" என்றாள்.

நான் வெட்டவில்லை. கேட்டவர்களெல்லாம் அந்தப் பிசிறில்தான் சொக்கிப்போனார்கள். ஒழுங்காகப் பாட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அப்படி உடைய எல்லோருக்கும் வாய்க்காது.

அவளுக்கு அது புரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் யாரிடமோ போய்க் குரலைச் செப்பனிட்டுக்கொண்டாள். அடுத்த பாட்டுகளை வேறு ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினாள். மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட அங்கே வழித்தெடுத்துவிட்டார்கள். இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"என் ஓட்டைக் குரலை வச்சே நீ பேர் வாங்கணுமா?"

கூடப் பிறந்தவள் வாயிலிருந்து வந்தது இது. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அவளே திரும்பி வந்தாள். அவருக்குப் பிடித்த மெட்டில் ஒரு பாட்டு. பாடி, அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். பாடினாள். அவ்வளவு சுத்தம், ஒரு தூசி இல்லை. நடுவில் அம்மா எனக்கு போன் செய்தாள்.

"அப்பா அவளைத்தான் கேட்டுட்டே இருக்கார். சீக்கிரம் கூட்டிட்டு வாப்பா."

வருகிறோம் என்றேன். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் மைக்கில் சொன்னேன்.

"அப்பா போயிட்டார்ம்மா. அவர் பாட்டு இது, நிறுத்தாம பாடு."

பாடினாள். கடைசி அடியில் குரல் கிழிந்தது. இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "போலாம் அண்ணா" என்றாள்.

"போனவரைப் பார்க்க என்ன அவசரம்? அவருக்காக இன்னொரு தடவை பாடிடு."

அதையும் பாடினாள். அப்போதும் அப்பா உயிரோடுதான் இருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் கை சூடு ஆறியிருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்தவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"இப்பத்தான்டி" என்றாள் அம்மா. "வாசலையே பார்த்துட்டிருந்தார்."

தங்கை என்னோடு பேசுவதில்லை. அந்தப் பதிவை அழித்துவிடும்படி ஆள் விட்டுச் சொல்கிறாள். அவள் பாடியதிலேயே ஆகச் சிறந்ததை அழிக்க வேண்டுமாம். துரோகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனாலும் என் பக்கம் ஒரு தவறு இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த இரண்டாவது தடவை தேவையே இல்லை. முதல் தடவையே நன்றாக அமைந்திருந்தது.