பால் குடுக்க வந்தவ

இல்லக்கா, உக்காரல. துண்டக் குடுத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். சனிக்கெழம கொழந்த வாயத் தொடைக்கக் குடுத்தீங்கல்ல, அத அப்டியே தோள்ல போட்டுகினு போயிட்டேன். தொவச்சுக் காய வெச்சுதான் எடுத்தாந்திருக்கேன். ஐயோ, மோரு வேணாங்க்கா. தண்ணியும் வேணாம். அன்னிக்குக் குடுத்ததே போதும். வேணாம்னா வேணாங்க்கா.

கொழந்த பஸ்ஸுலயே தூங்கிடுச்சு. ஆறாம் மாசம் பொறந்திருக்குது. மந்தாரக்குப்பத்துலேர்ந்து வரேன். ஆமா, அன்னிக்கு வடலூர்னுதான் சொன்னேன். அதையுந்தான் சொல்லணும். சரி, இப்டி ஓரமா உக்காந்துக்கறேன். சேரு வேணாங்க்கா, தரையே போதும்.

அண்ணன் உள்ளதான் இருக்காரா? கதவு சாத்தியிருக்குதே. ரெண்டு நாளாவா? சாப்புடக் கூடவா வரல?

தெரியும்க்கா. திங்கக்கெழம மெட்ராஸ் வந்து ஸ்கேன் எடுக்கணும், முட்டி சரியில்லன்னா கேம்புக்கே வர வேணாம்னு டீம்லேர்ந்து சொல்லிட்டாங்க, அதான? எனக்கு எப்டித் தெரியும்னா, எங்க வூட்டுக்காரருக்கு இதான்க்கா வேல. மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு, பெல்ட்டுக்கு அடில கொட்டற கரிய அள்றாரு. அது சம்பளத்துக்கு. வேலைன்னா இந்தக் கபடிதான். ஆடறது கெடையாது. மாடி ஏறுனாலே மூச்சு வாங்கும். எவன் ஆடுவான், எவனுக்கு எங்க வலிக்குது, அதப் பாத்துகினே கெடக்கறது.

உங்களுக்கு இந்தக் கருமமெல்லாம் தெரியாதாக்கா? டீம் எடுக்கறதும்பாங்க. எட்டுப் பேரு, எல்லாம் ஒரே ஷிப்ட்டு. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழம எங்க வாசல்ல பாயப் போட்டு உக்காருவாங்க. டிபன் பாக்ஸ் மூடில சீட்டுப் போட்டுக் குலுக்கி யார் மொதல்ல, யார் அடுத்துன்னு வரிச. அப்பறம் டிவில நெஜமா ஆடற ஆளுங்கள ஆளுக்கு ஒருத்தரா எடுத்துக்கறது. நீ எடுத்த ஆள நான் எடுக்கக் கூடாது. அந்த ஆளு பாயிண்ட்டு எடுத்தா அது இவங்க பாயிண்ட்டு. ஒடம்ப ஒடச்சுக்கறது அவரு, காலரத் தூக்கி வுட்டுக்கறது இவங்க. கடைசில எவன் பாயிண்ட்டு ஜாஸ்தியோ அவன் போட்டோவ வாட்ஸப் குரூப்புல ஒரு வருசம் வெப்பாங்க. அவனுக்கு மத்த ஏழு பேரும் சேந்து பிரியாணி. அவ்ளோதான்க்கா. பந்தயம் கூடக் கெடையாது. காசுக்குன்னா, ஏதோ கஷ்டம், பேராச, பண்ணிட்டாருன்னு நானே மனசத் தேத்திக்குவேன். ஒரு பிரியாணிக்கு!

நீங்க சிரிக்கறீங்க. எனக்குக் கொமட்டுது. அவங்க பேசறத நீங்க கேக்கணும். நான் அடுப்படில நின்னுகினு கேப்பேன். அவனுக்குத் தோள் எறங்கிடுச்சு, வுட்டுடு. இவனுக்குப் பொண்டாட்டி மாசமா இருக்கறா, இந்த வருசம் மனசு ஆட்டத்துல இருக்காது, வேணாம். மாட்டுச் சந்தைல பல்லப் புடிச்சுப் பாக்கறவன் கூட இவ்ளோ தூரம் போவ மாட்டான்க்கா. நடுவுல, ஏய், டீ என்னாச்சுன்னு ஒரு சத்தம் மட்டும் எனக்கு வரும்.

பெரிய ஆளுங்கள எடுக்கறதுல அவங்களுக்குப் பெரும இல்ல. அதெல்லாம் மொத ரவுண்டுலயே தீந்துடும். கடைசி ரவுண்டுதான் உசுரு. எவனுக்கும் பேரு தெரியாத ஒருத்தன எடுக்கணும், அவன் திடீர்னு ஆடி எல்லாரையும் வாயப் பொளக்க வெக்கணும். அப்பத்தான, நான் அன்னிக்கே சொன்னன்லடான்னு வருசம் பூரா சொல்லிகினு திரியலாம். எங்க வூட்டுக்காரரு அந்தக் கடைசி எடத்துக்கு ரெண்டு பேர வெச்சிருந்தாரு. ஒருத்தன் அரியானாப் பையன், இருவத்தோரு வயசு, பேரு என் வாயில நொழையாது. இன்னொருத்தரு அண்ணன்.

ஆமாக்கா, உங்க வூட்டுக்காரருதான். விஜயராஜுக்கு இருவத்தெட்டு வயசு, இப்பதான் மொத தடவ டீம்ல எடுத்திருக்காங்க, மாமனாரு குவாட்டர்ஸ்ல வந்து இருக்கான், எல்லாந் தெரியும் அவருக்கு. பத்து நாளா இதேதான். இவனா, அவனா. சோத்தப் போட்டா இவனா அவனா. கொழந்தைக்குத் தடுப்பூசி போடப் போற வழில வண்டிய ஓரங்கட்டி, ஏய், நீ சொல்லுடி, இவனா அவனா. எனக்கென்னா தெரியும்? அண்ணன் ஆடுன பழைய ஆட்டத்த போன்ல நிறுத்தி நிறுத்தி, கால மட்டும் ரெண்டு வெரலால பெருசாக்கிப் பாத்துகினு கெடப்பாரு. வலது முட்டில ஏதோ கட்டு தெரியுதே, தையல் போட்டிருப்பாங்களோ, எத்தன தையல் இருக்கும்னு என்னக் கேக்கறாரு. எனக்கு வயித்துல எத்தன தையல்னு உனக்குத் தெரியுமாய்யான்னு வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. கேக்கல.

நான் எதையும் கேக்கற ஆளில்ல. ரேசன் கடைல எனக்குப் பின்னால வந்தவங்க முன்னால போனாக் கூட, போனாப் போறாங்கன்னு நிப்பேன். ஆறாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், ஒரு நாளும் எந்திரிச்சு பதில் சொன்னதில்ல. இவ்ளோ பேசறது இன்னிக்குதான்.

என்னா சொன்னீங்க? யாரு? சிங்காரவேலா? நான் அன்னிக்குக் கெளம்பறப்ப எண்ணெக் கிண்ணத்தோட கேட்டத் தொறந்துகினு வந்தாரே, இவ கன்னத்தக் கிள்ளிட்டு, குட்டிம்மா யாரு வூடுன்னு கேட்டாரே, அவரா?

அவரா முட்டி விசயத்த வெளிய சொன்னாருன்னு நெனைக்கறீங்க?

ஐயையோ. எப்ப, நேத்தா? அவரு செருப்பத் தூக்கி ரோட்டுல வீசிட்டாரா அண்ணன்? சிங்காரவேல் அண்ணன் என்னா பண்ணாரு? ரெண்டு செருப்பையும் பொறுக்கி கைலயே எடுத்துகினு போனாரா.

இல்ல, புரியுது. முட்டில ஜவ்வு கிழிஞ்சது வூட்டு ஆளுங்களத் தவிர அவருக்கு மட்டுந்தான் தெரியும். அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து கூடவே ஆடுனவரு, தெனம் வந்து கால் நீவி வுடறவரு. அவரத் தவிர வேற யாரச் சந்தேகப்படுவீங்க.

இருங்க. நான் துண்டு குடுக்க வரலக்கா. துண்டக் குடுக்கற சாக்குல உங்க மூஞ்சியப் பாக்கலாம், தைரியம் வந்தா சொல்லலாம், இல்லன்னா பேசாமப் போயிடலாம்னு வந்தேன். போயிடலாம்னுதான் முக்காவாசி மனசு. இதக் கேட்டப்பறம் எப்டிப் போறது?

அன்னிக்கு நான் பஸ்ஸுக்கு நிக்கலக்கா. எங்க வூட்டுக்காரருதான் வண்டில கொண்டாந்து உங்க பிளாக் முனைல எறக்கி வுட்டாரு. நான் வர்ற வரைக்கும் டீக்கடைல நின்னுகினு இருந்தாரு. ஆம்பள எவன் வந்து கேட்டாலும் நீங்க வாசக் கேட்டத் தாண்டி வுட மாட்டீங்க, அண்ணனும் வெளிய தல காட்டறதில்ல. அதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. கைக்கொழந்தக்காரி ஒருத்தி வந்து, கொழந்த பசில அழுவுது, ஒரு ஓரமா உக்காந்து பால் குடுத்துட்டுப் போறேன்னா எந்த வூட்ல முடியாதும்பாங்க? உள்ள ரூமுக்கே கூட்டிகினு போவாங்கடி, சும்மா கண்ண வெச்சிகினு இரு, அவன் எப்டி நடக்கறான்னு மட்டும் பாத்துட்டு வா, அப்டின்னாரு.

கொழந்த அழுவணும்ல. அதுக்காகக் காலைலேர்ந்து இவளுக்குப் பால் குடுக்காதன்னாரு. பதினோரு மணி வரைக்கும் குடுக்கல. இவ கத்தறா, எனக்கு ரவிக்கையெல்லாம் நனஞ்சு ஒழுவுது. இன்னும் ரெண்டு மணி நேரத்துல என்னா ஆயிடப் போவுது, பொறுத்துக்கோன்றாரு. பெத்த அப்பன்க்கா. த்தூ. மன்னிச்சுக்கோங்க, உங்க வூட்டுக்குள்ள வந்து துப்பறேன்.

அன்னிக்கு அகிலான்னு சொன்னது எம்பேரு இல்ல. அது இவ பேரு. நான் திலகவதி.

நீங்க ஒரு வார்த்த கேக்கல, ஊரு பேரு தவிர. ஃபேனப் போட்டீங்க, முதுகுக்குத் தலகாணி குடுத்தீங்க, கதவ ஒருக்களிச்சுட்டு நீங்களே வெளில காவலுக்கு நின்னீங்க. கொல்லப் பக்கக் கதவு தொறந்து கெடந்தத மறந்துட்டீங்க. அண்ணன் அந்த வழியா வந்தாரு. உள்ள ஒரு பொம்பள உக்காந்திருக்கறது அவருக்கென்னா தெரியும்? பாத்தவுடனே, ஐயோ தப்பா நெனச்சுக்காதம்மான்னு சொல்லிகினே வெடுக்குன்னு திரும்புனாரு. அந்தத் திரும்புலதான் கால் மடங்கிடுச்சு. செவுத்தப் புடிச்சுகினாரு. சத்தம் போடல. பல்லக் கடிச்சுகினு, செவுத்தத் தடவித் தடவி, ஒத்தக் கால்லயே வெளிய போனாரு. மெதுவா நடந்து போயிருந்தாருன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுக்கா. என்னப் பாத்துடக் கூடாதுன்னு அவசரமாத் திரும்புனாரு பாருங்க, அதுலதான் தெரிஞ்சுது.

எந்திரிக்காதீங்கக்கா. நீங்க வெரட்டறதுக்கு முன்னால நானே போயிடறேன். இன்னும் கொஞ்சந்தான் இருக்குது. கேட்டுட்டு அடிச்சாலும் அடிங்க.

மறுநாளு டீம் எடுத்தாங்க. எங்க வூட்டுக்காரரு அரியானாப் பையன எடுத்துகினாரு. அண்ணன, குமரவேலுன்னு அவரு கூட்டாளி ஒருத்தன் கடைசி ஆளா எடுத்துட்டு, நம்மூரு சிங்கம்டா, எவனும் கண்டுக்கலடான்னு குதிச்சான். இவரு வாயப் பொத்திகினு சிரிச்சுகினே இருந்தாரு. எல்லாரும் போனப்பறம் பொறுக்க முடியல. அவன மட்டந்தட்டியே ஆவணும்ல. டேய் குமரவேலு, நீ எடுத்தது சிங்கமில்லடா, செவுத்தப் புடிச்சு நடக்கற கெழவன், கண்ணால பாத்த ஆளு என் பக்கத்துலயே இருக்குதுன்னு குரூப்புல வாய்ஸ் போட்டாரு. எட்டுப் பேருக்குன்னுதான் போட்டாரு. அது எங்கெங்கயோ சுத்தி டீம் டாக்டரு வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு நாளா அவரும் மூஞ்சி வெளுத்துப் போயித்தான் திரியறாரு. அண்ணன் பொழப்பு போச்சேன்னு இல்லக்கா. போலீஸ் கீலிஸ் வந்துடுமோன்னு.

உங்களுக்கும் அந்த வாய்ஸ்தான வந்துச்சு? கண்ணால பாத்த ஆளுன்றது சிங்காரவேல் அண்ணன் இல்ல. அவரு ஒரு பாவமும் அறியாதவரு. அத அண்ணன் கிட்ட சொல்லுங்க.

நம்ப மாட்டாரா? சிங்காரவேலு அனுப்பி வெச்ச பொம்பளன்னு என்னையே சொல்லுவாரா?

நெசந்தான். எவளோ ஒருத்தி வந்து சொன்னா யாரு நம்புவா.

இவ்ளோ நேரம் எங்க வூட்டுக்காரரத்தான் திட்டுனேன். திட்ட வேண்டிய ஆளுதான். ஆனா அவரு என்ன அடிச்சு மெரட்டிக் கேட்டாருன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. அடிக்கல. அன்னிக்கு வூட்டுக்குப் போனதும் அவரே டீ போட்டாந்து குடுத்தாரு. கல்யாணமாயி மூணு வருசத்துல மொத தடவ. எதுக்க சம்மணம் போட்டு உக்காந்துகினு, ம், அப்பறம், ம், அப்பறம்னு கேட்டாரு. என் மூஞ்சியவே பாத்துகினு கேட்டாரு. கைல போனே இல்ல. நான் பேசறத ஒருத்தரு அப்டிக் கேட்டு நான் பாத்ததே இல்லக்கா. தெரியாது, சரியாப் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. இன்னும் இருக்குது, இன்னும் இருக்குதுன்னு இழுத்து இழுத்துச் சொன்னேன். மறுநாளு சாயங்காலம் அந்த வாய்ஸ் போடறப்ப, ஏய், அவன் எப்டிப் போனான், இன்னொரு வாட்டி செஞ்சு காட்டுன்னாரு. நானும் செவுத்தப் புடிச்சுகினு நடந்து காட்டுனேன்.

போன் உங்க கிட்ட இருக்குதா? அந்த வாய்ஸப் போடுங்க. சத்தமாப் போடுங்க, உள்ள அண்ணனுக்கும் கேக்கட்டும். நீங்க முழுசாக் கேட்டிருக்க மாட்டீங்க, பாதிலயே வயிறெரிஞ்சு நிறுத்தியிருப்பீங்க. அவரு பேசி முடிச்சதும் நிறுத்திடாதீங்க. கடைசில ஒரு பொம்பள சிரிக்கற சத்தம் வரும். மூச்சு முட்ட முட்ட சிரிப்பா. அது நான்தாங்க்கா.