வலிக்காத புண்

வீட்டு வேலை செய்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. என் மனைவி மாசமாக இருந்தபோது துணி துவைப்பதெல்லாம் நான்தான். "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

லிஃப்ட் பொருத்துவது என் தொழில். கட்டடம் எழும்பும் ஊர்களில் போய்த் தங்க வேண்டும். அவளுடைய முதல் ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை என்று வந்த பிறகு அப்படி ஓர் ஊருக்குப் போனேன். அங்கே ஒருத்தியோடு பழக்கம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வந்து மூன்று வாரம் இருக்கும், மறைவிடத்தில் சின்னதாக ஒரு புண். வலிக்கவில்லை. அதனால் கண்டுகொள்ளாமல் அவளோடு எப்போதும்போல்தான் இருந்தேன். பிறகு மனசு கேட்காமல், தெரிந்தவர்கள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு டாக்டரிடம் போனேன்.

"சிஃபிலிஸ். ஊசி போட்டா சரியாயிடும்" என்றார். "போடலைன்னாலும் புண் தானா ஆறிடும். ஆனா நோய் உள்ளேயேதான் இருக்கும். கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஏன் டாக்டர்?"

"சம்சாரம் இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இப்ப டெஸ்ட் பண்ணா தெரியாமக்கூடப் போகலாம். அதனால காத்திருக்காம அவங்களுக்கும் ஊசி போட்டுடணும். மாசமா இருந்தா குழந்தையைக் காப்பாத்திடலாம்."

"இன்னும் கல்யாணம் ஆகலை டாக்டர்" என்றேன்.

எனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே முகம் மலர்கிறவள் அவள். அந்த முகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆறாம் மாதம் உள்ளங்கையை நீட்டினாள். "என்னங்க, இங்க பாருங்களேன், சிவப்பு சிவப்பா. பாதத்துலயும் இருக்கு. ஆனா அரிக்கவே இல்லை. டாக்டரம்மாகிட்ட காட்டட்டுமா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. "இதுக்கெல்லாமா? சோப்பு ஒத்துக்கலை போல. இனிமே நீ துணியில கை வைக்காதே" என்றேன். அன்றிலிருந்துதான் துணி என் பொறுப்பானது. சில வாரத்தில் அதுவும் தானாக மறைந்தது. "நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள்.

எட்டாம் மாதம் குழந்தை அசைவதை நிறுத்தியது. பெண். தலை நிறைய முடி. துணியில் சுற்றி மடியில் வைத்தார்கள். அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

இருவர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அவளுடையதில் இருந்தது. ஆரம்பத்திலேயே ஊசி போட்டுக்கொண்டதால் என்னுடையதில் ஒன்றும் அகப்படவில்லை. யாரும் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாமியார் மகளின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மைத்துனன் வராந்தாவில் என் கையைப் பிடித்து, "மாமா, அக்காவைத் தள்ளி வச்சுடாதீங்க" என்று அழுதான்.

"நான் யார்கிட்டயும் போகலைங்க" என்றாள் அவள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றேன்.

ஊசி போட்டு அவளும் குணமாகிவிட்டாள். நான் தள்ளி வைக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சில சமயம் நிறுத்தி, "பஸ் சீட்டுல வந்திருக்குமாங்க? ஆஸ்பத்திரி பாத்ரூம்லயா?" என்று கேட்பாள். "நடந்தது நடந்துபோச்சு, சாப்பிடு" என்பேன்.

இன்றுவரை ஒரு முறைகூட அவளிடம் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.